பச்சைச் சளியும் பாழாய்ப்போன ஊசியும்

பூனை தும்முதா? ஆன்டிபயாடிக். கண்ணுல தண்ணி வருதா? ஆன்டிபயாடிக். மூக்குல பச்சையா ஒழுகுதா? ரெண்டு ஆன்டிபயாடிக், கூட ஒரு விட்டமின் ஊசி, கிளம்பும்போது ஒரு சிரப். நம்ம ஊர்ல பூனைச் சளிக்கு "நோயறிதல்"னு பேரு வெச்சு நடக்கிற கூத்து பெரும்பாலும் இவ்வளவு தான். இது நோயறிதலே இல்லைங்கறதைச் சொல்லத் தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எதுவும் வேணும்னா முதல்லயே போட்டு எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதல்லயே ஒண்ணு. நான் கால்நடை மருத்துவர் கிடையாது. பொட்டி தட்டிப் பொழைக்கிற சாதாரண இன்ஜினியர். ஆனா என் தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ப்ரொடக்‌ஷன்ல ஏதாவது படுத்துக்கிச்சுன்னா, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிட்டு "சரியாயிடுச்சு"ன்னு டிக்கெட்டை மூடினா மேனேஜர் விட மாட்டார். எதனால வந்துச்சு, எப்படித் தெரியும், வேற எதுவும் இல்லைன்னு எதை வெச்சு சொல்றேன்னு மூணு கேள்வி வரும். அந்த மூணு கேள்வியை ஒரு பூனைக்காகக் கேட்டா மட்டும் "நீங்க டாக்டரா சார்?"னு பதில் வருது. அதான் எரிச்சல்.

விஷயத்துக்கு வருவோம்.

*

குற்றவாளி யாரு?

பூனைக்குத் திடீர்னு வர்ற தும்மல், மூக்கொழுகல், கண் சிவப்பு இதெல்லாத்துக்கும் பெரும்பாலும் காரணம் ரெண்டு வைரஸ். ஒண்ணு பூனை ஹெர்பிஸ் வைரஸ். இன்னொண்ணு கலிசி வைரஸ். (ரெண்டுமே மனுஷனுக்கு ஒட்டாது, பயப்படாதீங்க.) பாக்டீரியா தானே நேரா வந்து நோய் உண்டாக்கறதும் உண்டு. அந்தப் பட்டியல் சின்னது: கிளமிடியா ஃபெலிஸ், போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா, மைக்கோப்ளாஸ்மா. இது போக, வைரஸ் வந்து மூக்கோட உள்தோலை ரணமாக்கினதுக்கு அப்புறம், ஏற்கனவே அங்க குடியிருக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ், பாஸ்சுரெல்லா மாதிரி ஆசாமிங்க உள்ள நுழையறதும் நடக்கும்.

ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. இது எட்டாங்கிளாஸ் பாடம். அப்படின்னா பூனை தும்மினதும் வர வேண்டிய முதல் கேள்வி "எந்த ஆன்டிபயாடிக்?" இல்லை. "இது பாக்டீரியா தானா?" இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதிச்சிட்டு ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்றவங்க தான் இங்க அதிகம்.

*

"அதான் பச்சையா ஒழுகுதே!"

இந்த ஒரு வாதத்தைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. சளி தண்ணியா இருந்தா வைரஸ், கெட்டியா பச்சையா இருந்தா பாக்டீரியா. எங்க பாட்டியும் சொல்வாங்க, மெடிக்கல் ஷாப் அண்ணனும் சொல்வார், வாட்ஸப் குரூப்ல முப்பது பேர் சொல்வாங்க.

பச்சை எங்கேர்ந்து வருதுன்னு யாராவது யோசிச்சீங்களா? அது பாக்டீரியாவோட நிறம் இல்லைங்க. நியூட்ரோஃபில்னு ஒரு வகை வெள்ளை அணுக்கள், சண்டைக்கு வந்து கூட்டமா செத்துக் கிடக்கும். அதுக்குள்ள இருக்கிற மைலோபெராக்சிடேஸ்ங்கற என்சைமோட நிறம் பச்சை. அதாவது பச்சைச் சளி சொல்றது ஒண்ணே ஒண்ணு தான்: "இங்க சண்டை நடக்குது." யாரோடன்னு அது சொல்லாது. எதிராளி வைரஸா இருக்கலாம், பூஞ்சையா இருக்கலாம், மூக்குக்குள்ள மாட்டின ஒரு புல்லா கூட இருக்கலாம். தெருவுல கூட்டம் கூடியிருக்குன்னா ஆக்சிடென்ட்டா, கல்யாண ஊர்வலமான்னு எட்டிப் பார்த்துத் தானே சொல்ல முடியும்? எட்டியே பார்க்காம தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டா எப்படி?

பச்சைச் சளி சந்தேகத்தைக் கூட்டும். ஒத்துக்கறேன். ஆனா சந்தேகம் வேற, ஆதாரம் வேற.

*

காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை

அடுத்த வாதம்: "என் பூனைக்கு ஊசி போட்டேன், அஞ்சே நாள்ல சரியாச்சு. நீ என்ன பெருசா பேச வந்துட்ட?"

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண வைரஸ் சளி பூனைக்கு ஏழுலேர்ந்து பத்து நாள்ல தானா அடங்கிடும். சிலதுக்கு ரெண்டு வாரம். நாம எப்ப டாக்டர்கிட்ட ஓடறோம்? முதல் நாள் தும்மினதும் இல்லை. மூணாவது, நாலாவது நாள், நோய் உச்சத்துல இருக்கும்போது. அங்கேர்ந்து அஞ்சு நாள் ஊசி. கூட்டிப் பாருங்க, ஒன்பது நாள். ஊசிக்குப் பதிலா அஞ்சு நாள் விபூதி போட்டிருந்தாலும் அதே ஒன்பதாவது நாள் தான் சரியாகியிருக்கும். விபூதிக்குக் குறைஞ்சபட்சம் பக்கவிளைவு இல்லை :-)

*

"சரி, ஸ்வாப் எடுத்து கல்ச்சர் பண்ணிட்டா?"

இங்க தான் படிச்ச மக்கள் வழுக்கி விழற இடம். "கண்ணை மூடிக்கிட்டு மருந்து குடுக்காதே, டெஸ்ட் பண்ணு"ன்னு சொல்றவங்க உடனே மூக்குல ஒரு பஞ்சுக் குச்சியை விட்டு லேபுக்கு அனுப்பறாங்க. மூணு நாள்ல ரிப்போர்ட் வரும். அழகா டைப் அடிச்சு, இந்த பாக்டீரியா வளர்ந்தது, இந்த இந்த மருந்துக்குக் கட்டுப்படும்னு ஒரு அட்டவணையோட. பார்த்தாலே கும்பிடத் தோணும்.

பிரச்சினை என்னன்னா, ஆரோக்கியமான பூனையோட மூக்குலயும் பஞ்சை விட்டா ஏதாவது வளரத் தான் செய்யும். மூக்கு என்ன ஆபரேஷன் தியேட்டரா? அங்க எப்பவுமே ஒரு ஊரே குடியிருக்கு. தட்டுல வளர்ந்தவன் தான் குற்றவாளின்னு சொல்றது, கொலை நடந்த தெருவுல யாரு வீடு இருக்கோ அவங்களையெல்லாம் பிடிச்சு உள்ள போடற மாதிரி. அதே சமயம், நிஜமான குற்றவாளி கிளமிடியாவா இருந்தா அது சாதாரண கல்ச்சர் தட்டுல வளரவே வளராது. அதுக்கு உயிருள்ள செல்லுக்குள்ள தான் வாழத் தெரியும். மைக்கோப்ளாஸ்மாவுக்குத் தனி ஊட்டம் வெச்ச தட்டு வேணும். ஆக, ரிப்போர்ட்ல வந்தவன் நிரபராதியா இருக்கலாம், வராதவன் குற்றவாளியா இருக்கலாம்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஐ.எஸ்.சி.ஏ.ஐ.டி.ன்னு செல்லப் பிராணிகளோட தொற்றுநோய்களுக்கான சர்வதேச அமைப்பு ஒண்ணு இருக்கு. நாய், பூனை சுவாச நோய்க்கு ஆன்டிபயாடிக் எப்படிப் பயன்படுத்தணும்னு 2017ல வழிகாட்டி வெளியிட்டாங்க. திடீர்னு வந்த சளிக்கு மூக்குச் சளியைக் கல்ச்சருக்கு அனுப்பாதீங்க, ரிசல்ட்டை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னு அதுலயே இருக்கு.

பி.சி.ஆர்? 2020 கொரோனாவுக்கு அப்புறம் இதை விளக்கவே வேண்டாம், நம்ம எல்லார் மூக்குலயும் குச்சி போயாச்சு. பூனைக்கும் இருக்கு. ஆனா ஹெர்பிஸ் ஒரு தடவை உள்ள போனா பெரும்பாலான பூனைங்களுக்கு ஆயுசுக்கும் நரம்பு முடிச்சுல ஒளிஞ்சுக்கும். வீடு மாத்தினா, புதுப் பூனை வந்தா, நாம ரெண்டு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தா, அந்த மன அழுத்தத்துல மறுபடி தலை தூக்கும். அதனால பி.சி.ஆர். பாசிட்டிவ்னா "இந்த வைரஸ் இங்க இருக்கு"ன்னு தான் அர்த்தம். "இன்னிக்கு வந்த சளிக்கு இது தான் காரணம்"னு அர்த்தம் இல்லை. சமீபத்துல தடுப்பூசி போட்டிருந்தா, அதுல இருக்கிற வைரஸ் கூட சில சமயம் பாசிட்டிவ் காட்டும்.

ஆக, ஊசிக்காரர் கட்சியும் தப்பு, கண்டபடி டெஸ்ட் எழுதறவர் கட்சியும் தப்பு. ரெண்டு பேருமே பூனையைப் பார்க்கலை. ஒருத்தர் சளியைப் பார்த்தார், இன்னொருத்தர் பேப்பரைப் பார்த்தார்.

*

அப்ப எப்படித் தான் கண்டுபிடிக்கிறது?

பூனையைப் பார்த்து! காசு செலவில்லாத, மெஷின் தேவைப்படாத வேலை இது. ஒரு நல்ல டாக்டர் பத்து நிமிஷத்துல முடிச்சிடுவார்.

1. எத்தனை நாளா? பத்து நாளுக்கு உள்ளயா, வெளியவா? இது தான் எல்லாத்துக்கும் மேல முக்கியமான கேள்வி.

2. காய்ச்சல் இருக்கா? தெர்மாமீட்டர் வெச்சுப் பார்க்கணும். பூனைக்கு ஏறக்குறைய 100.5லேர்ந்து 102.5 ஃபாரன்ஹீட் வரை சாதாரணம். காதைத் தொட்டுப் பார்த்து "சூடா இருக்கு"ன்னு சொல்றது கணக்குல சேராது.

3. சாப்பிடுதா? சுறுசுறுப்பா இருக்கா? எடை எவ்வளவு, போன தடவை எவ்வளவு?

4. வாயைத் திறந்து பார்த்தீங்களா? நாக்குல, அண்ணத்துல புண் இருந்தா கலிசி பக்கம் கை காட்டும். கூடவே சில பூனைங்க நொண்டும்.

5. கண். கருவிழியில கிளை கிளையா புண் இருந்தா ஹெர்பிஸோட கையெழுத்து அது. ஃப்ளோரசின்னு ஒரு சாயக் காகிதத்தை வெச்சு நீல வெளிச்சத்துல பார்த்தா பச்சையா மின்னும். அந்தச் சோதனை செய்யாம ஸ்டீராய்டு கண் சொட்டு மருந்து எழுதறவர் கண்ணோட விளையாடறார்.

6. கண் சிவப்பு ஒரு பக்கமா ஆரம்பிச்சு, இமையோட உள்தோல் வீங்கிப் பிதுங்கி, தும்மல் கம்மியா இருந்தா கிளமிடியாவை சந்தேகப்படணும்.

7. இருமல் முக்கியமா இருந்தா, வீட்டுல இருமற நாயும் இருந்தா, போர்டெடெல்லா ஞாபகம் வரணும். நாய்ங்களுக்கு வர்ற "கென்னல் காஃப்"ல இதுக்குப் பங்கு உண்டு. சின்னக் குட்டிகளுக்கு நிமோனியாவாகி உயிருக்கே உலை வைக்கும்.

8. மூச்சு. தூங்கும்போது நிமிஷத்துக்கு முப்பதுக்கு மேல போகுதா? வாயைத் திறந்து மூச்சு விடுதா? விட்டா இந்தப் பதிவைப் படிக்கிறதை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

2017 வழிகாட்டி சொல்றதை என் பாஷையில சொல்றேன். பத்து நாளுக்கு உட்பட்ட சளி, பூனை நல்லா சாப்பிட்டு விளையாடிக்கிட்டு இருக்குன்னா, ஆன்டிபயாடிக் இல்லாம கவனிச்சுக்கிட்டே காத்திருக்கலாம். கெட்டிச் சளியோட கூட காய்ச்சலோ, சோர்வோ, சாப்பிடாம இருக்கிறதோ சேர்ந்தா அப்ப ஆன்டிபயாடிக் யோசிக்கலாம். அதுவும் முதல் தேர்வு டாக்சிசைக்ளின், ஏழுலேர்ந்து பத்து நாள். இல்லைன்னா சாதா அமாக்சிசிலின். பெரிய பீரங்கியெல்லாம் முதல் நாளே வெளிய எடுக்கக் கூடாது.

எவ்வளவு எளிமையான விதி! சளியோட நிறத்தை மட்டும் பார்க்காம, பூனை மொத்தமா எப்படி இருக்குன்னு பார்க்கச் சொல்லுது. அவ்வளவு தான்.

*

அல்லியும் பாண்டியும்

எங்க வீட்டு அல்லிக்கு வயசு ரெண்டு. மூணு நாள் தும்மினா, நாலாவது நாள் தட்டுப் பக்கமே வரலை. வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கிளினிக் (பேர் வேண்டாம்). உள்ள போனதும் "பச்சையா வருது, இன்ஃபெக்‌ஷன்"னு ஒரு வரி. ஊசி. இதே மாதிரி அஞ்சு நாள். ஒவ்வொரு நாளும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகலை. "டெம்பரேச்சர் பார்க்கலையா டாக்டர்?"னு கேட்டேன். "எல்லாம் கவர் ஆயிடும் சார்"னார். எல்லாம்னா எது? கவர்னா எப்படி? பதில் இல்லை. அஞ்சு நாள் முடிவுல 3.8 கிலோ இருந்தவ 3.3 கிலோ.

ஆறாவது நாள் வேற ஒரு அம்மாகிட்ட கொண்டு போனோம். அவங்க முதல்ல எடை பார்த்தாங்க, காய்ச்சல் பார்த்தாங்க, அப்புறம் ஒரு டார்ச்சை வெச்சு வாயைத் திறந்தாங்க. நாக்கோட ஓரத்துல கடுகு சைஸுக்கு ரெண்டு புண்ணு. "பாவம், இவளுக்குப் பசி இல்லாம இல்லைப்பா, வாய் வலி. மூக்கும் அடைச்சிருக்கு, வாசனையே தெரியலை. வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. கலிசியா தான் இருக்கணும்"னாங்க. டெஸ்ட் எதுவும் எழுதலை. எழுதியிருந்தாலும் வைத்தியம் மாறியிருக்காதுன்னு அவங்களே சொன்னாங்க. வலிக்கு மருந்து, உப்புத் தண்ணி நெபுலைசர், கஞ்சி மாதிரி கரைச்ச சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமா. மூணாவது நாள் வேக வெச்ச மத்தி மீனை வெதுவெதுப்பா வெச்சதும் தானா வந்து தின்னா.

பூனை சில நாள் சாப்பிடாம கிடந்தாலே கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். அந்த அஞ்சு நாள் அவளுக்குத் தேவைப்பட்டது சாப்பாடும் வலி நிவாரணமும். கிடைச்சது வைரஸைத் தொடாத அஞ்சு ஊசி. தப்பான நோயறிதலால வர்ற பெரிய நஷ்டம் இது தான் மக்களே. குடுத்த மருந்து வீணாப் போறது கூட ரெண்டாம் பட்சம். குடுக்க வேண்டிய வைத்தியம் தள்ளிப் போகுது பாருங்க, அது தான் கொல்லும்.

உடனே "இவன் ஆன்டிபயாடிக் எதிர்ப்பாளன்"னு முத்திரை குத்தாதீங்க. எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல சோறு தின்ன வர்ற பாண்டி கதையைக் கேளுங்க. வலது கண்ணு சிவந்து வீங்கி, ஒரு வாரத்துல இடது கண்ணும். யாரோ சொன்னதைக் கேட்டு காவலாளி அண்ணன் அமாக்சிசிலின் அஞ்சு நாள் குடுத்தார். குறைஞ்சுது. திரும்ப வந்துச்சு. மறுபடி அஞ்சு நாள். மறுபடி வந்துச்சு. மூணு தடவை. அதே டாக்டரம்மா பார்த்துட்டு, இப்ப தான் டெஸ்ட் எழுதினாங்க. மூக்குல இல்லை, கண்ணோட உள்தோல்லேர்ந்து ஸ்வாப், பி.சி.ஆருக்கு. கிளமிடியா. டாக்சிசைக்ளின் நாலு வாரம், பாண்டிக்கு மட்டும் இல்லை, கூட ஒண்ணா சாப்பிடற மூணு பேருக்கும். ஒருத்தனுக்கு மட்டும் குடுத்தா மத்தவங்க கிட்டேர்ந்து திரும்ப ஒட்டிக்குமே! அதுக்கு அப்புறம் வரலை.

ரெண்டு கதையையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒண்ணுல டெஸ்ட் தேவைப்படலை, ஆன்டிபயாடிக்கும் தேவைப்படலை. இன்னொண்ணுல ரெண்டுமே தேவைப்பட்டுச்சு, சரியான இடத்துலேர்ந்து, சரியான மருந்து, சரியான நாள் கணக்கு. இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரியறதுக்குப் பேர் தான் நோயறிதல்.

*

"எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஊசி போட்டா என்ன?"

என்னவா? சொல்றேன்.

மைக்கோப்ளாஸ்மாவுக்கு செல் சுவரே கிடையாது. பெனிசிலின், அமாக்சிசிலின், செஃப்ட்ரியாக்ஸோன் எல்லாமே செல் சுவரை உடைக்கிற மருந்து. சுவரே இல்லாத வீட்டுக்குக் கடப்பாரை எதுக்கு? "எல்லாம் கவர் ஆயிடும்"னு போடற ஊசி, இங்க இருக்கிற நிஜமான பாக்டீரியா ஒண்ணையே கவர் பண்ணாது.

என்ரோஃப்ளாக்ஸசின். பூனைக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினா விழித்திரை கெட்டு, பார்வையே போகலாம், சில சமயம் நிரந்தரமா. நாய்க்குப் போடற கணக்குல பூனைக்குப் போட்டா இது தான் கதி.

டாக்சிசைக்ளின் நல்ல மருந்து தான். ஆனா மாத்திரையை வெறுமனே வாயில போட்டு விட்டா உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு ரணமாக்கி, குழாயே சுருங்கிப் போகும். பின்னாலயே ஆறு மில்லி தண்ணியோ சாப்பாடோ கட்டாயம் குடுக்கணும். பால்ல கலக்காதீங்க, கால்சியம் மருந்தைப் பிடிச்சு வெச்சுக்கும். இதையெல்லாம் மாத்திரை எழுதறவங்க சொன்னாங்களான்னு உங்களையே கேட்டுப் பாருங்க.

அப்புறம் "சளி தானே, கால் மாத்திரை பாராசிட்டமால் குடு"ன்னு வாட்ஸப்புல வைத்தியம் சொல்ற புண்ணியவான்களுக்கு: பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை உடைச்சு வெளியேத்தற வழி பூனையோட கல்லீரல்ல சரியா வேலை செய்யாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாம, ஈறு பழுப்பாகி, பூனை செத்துப் போகும். ஒரு மாத்திரை போதும். தயவு செஞ்சு வாயை மூடிக்கிட்டு இருங்க.

லைசின் பொடி வாங்கிக் குடுக்கிறவங்களும் கவனிங்க. ஹெர்பிஸுக்கு அது தடுக்கவும் உதவாது, குணப்படுத்தவும் உதவாதுன்னு இருந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து 2015லயே எழுதிட்டாங்க. ஆனாலும் விற்பனை ஜோரா நடக்குது.

கடைசியா, ஊருக்குப் பொதுவான விஷயம். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால உலகம் முழுக்க 2019ல மட்டும் நேரடியா செத்தவங்க சுமார் 12.7 லட்சம் பேர்னு லான்செட்ல 2022ல கணக்கு வந்துச்சு. இந்தியாவுல 2014 மார்ச்சுலேர்ந்து செஃப்ட்ரியாக்ஸோன் மாதிரி மருந்துங்களை எச்1 அட்டவணையில வெச்சு, கடைக்காரர் யாருக்கு வித்தாருன்னு பதிவேடு எழுதணும்னு சட்டம் இருக்கு. அப்படிப் பூட்டி வெச்ச மருந்தை, வைரஸ் சளி பிடிச்ச பூனைக்குத் தண்ணி மாதிரி ஏத்தறோம். அந்தப் பூனை ராத்திரி எங்க தூங்குது? நம்ம தலகாணியில. அதோட உடம்புல வளர்ற பாக்டீரியாவுக்கு "இது பூனை, இது மனுஷன்"னு எல்லைக்கோடு தெரியுமா என்ன?

*

பத்து நாளைத் தாண்டினா?

அப்ப காத்திருக்கறதும் தப்பு, இன்னொரு கோர்ஸ் ஊசியும் தப்பு. மாசக்கணக்கா மூக்கொழுகற பூனைக்கு ஆன்டிபயாடிக்கை மாத்தி மாத்திப் போடறதைப் பார்த்தா தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். மூக்குக்குப் பின்னால சதை வளர்ந்திருக்கலாம் (இளம் பூனைங்களுக்கு இது சகஜம்), பல் வேர்ல சீழ் இருக்கலாம், கிரிப்டோகாக்கஸ்னு ஒரு பூஞ்சை இருக்கலாம், வயசான பூனைன்னா புற்றுநோயா கூட இருக்கலாம். இங்க தான் மயக்கம் குடுத்து உள்ள பார்க்கணும், ஸ்கேன் எடுக்கணும், ஆழத்துலேர்ந்து கழுவி எடுத்தோ சதைத் துணுக்கு எடுத்தோ கல்ச்சர் பண்ணணும். பூனை எய்ட்ஸ், லுக்கீமியா வைரஸ் ரெண்டுக்கும் ரத்தப் பரிசோதனையும் வேணும்.

அதே மாதிரி நெஞ்சுக்குள்ள இறங்கின நோய்னா எக்ஸ்ரே. நிமோனியான்னு சந்தேகம் வந்தா, மூச்சுக்குழாய்லேர்ந்து கழுவி எடுத்த திரவத்தை மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்க்கணும். வெள்ளை அணுவுக்குள்ள பாக்டீரியா இருந்தா அது தான் ஆதாரம். இந்த கல்ச்சருக்கு மதிப்பு உண்டு. இருமற பூனைக்கு ஆஸ்துமாவா கூட இருக்கலாம், அதுக்கு வைத்தியம் முழுக்க வேற. மூச்சுத் திணறற பூனையை மட்டும் எக்ஸ்ரேக்காகப் புரட்டி எடுக்காம, முதல்ல ஆக்சிஜன் வெக்கணும்.

டெஸ்ட் வேண்டாம்னு நான் சொல்லலை. டெஸ்ட் எங்க எடுத்தா பதில் கிடைக்குமோ அங்க எடுங்கன்னு சொல்றேன். சாவி தொலைஞ்சது ஒரு இடம், தேடறது வெளிச்சம் இருக்கிற இடம்ங்கற கதையா இருக்கு இப்போ.

*

வரப்போற எதிர்வாதங்களுக்கு முன்கூட்டியே பதில்:

"டாக்டர்களைக் குறை சொல்றே." இல்லை. நாக்கைப் பார்த்ததும் ஒரு டாக்டர் தான். நம்ம ஊர்ல இந்தத் துறைக்குப் பேரே கால்நடை மருத்துவம். மாடு தான் செல்வம், ஆஸ்பத்திரிக்கும் நாம வெச்ச பேரு மாட்டாஸ்பத்திரி. பூனை அந்தக் கணக்குல எப்பவுமே ஒட்டு. அதோட, ஊசி போடாம அனுப்பினா "இவரு ஒண்ணுமே செய்யலை, பீஸ் மட்டும் வாங்கிட்டார்"னு கூகிள்ல ஒத்தை ஸ்டார் போடற கூட்டம் யாரு? நாம தானே! அவர் ஊசியை எடுக்கறதுக்குப் பாதிக் காரணம் நம்ம முகத்துல இருக்கிற எதிர்பார்ப்பு.

"காசு யாரு குடுப்பா?" அல்லிக்கு அஞ்சு நாள் ஊசிக்கு ஆனது 3200 ரூபாய். டார்ச் அடிச்சு வாயைப் பார்த்ததுக்குத் தனியா பில் எதுவும் வரலை. மேல சொன்ன எட்டு விஷயத்துல விலை உள்ளது ஒரு தெர்மாமீட்டரும் ஒரு சாயக் காகிதமும் தான்.

"மனுஷனுக்கே வைத்தியம் இல்லை, பூனைக்குப் போய்..." இந்த வாதத்துக்கு மட்டும் பதில் சொல்றதா இல்லை. எந்த நல்ல காரியத்தையும் இந்த ஒரு வரியால நிறுத்திடலாம்.

பூனைக்கு யாரு மணி கட்டறதுன்னு எலிங்க கூடிப் பேசின கதை நமக்குத் தெரியும். இங்க மணி கட்ட வேண்டியது பூனை வளர்க்கிற நாம தான். அடுத்த தடவை கிளினிக்குல ஊசி வெளிய வந்ததும், மரியாதையா, சண்டை போடாம, மூணே கேள்வி கேளுங்க: "இது பாக்டீரியான்னு எதை வெச்சு நினைக்கறீங்க டாக்டர்? வாயும் கண்ணும் ஒரு தடவை பார்த்துடலாமா? ரெண்டு நாள் மருந்தில்லாம பார்த்தா ஆபத்தா?" நல்ல டாக்டர் சந்தோஷமா பதில் சொல்வார். கோபப்படறவரா இருந்தா, கூண்டைத் தூக்கிக்கிட்டு வேற இடம் பாருங்க.

பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டு போச்சுன்னு நினைக்குமாம். பூனைக்கு வைத்தியம் பார்க்கிறவங்களும் அதையே செய்ய வேண்டாமே.

பி.கு. 1: இந்தப் பதிவை வெச்சு யாரும் வீட்டுல சொந்த வைத்தியம் பண்ணாதீங்க. மருந்து அளவுகள் வேணும்னே சொல்லலை. பின்னூட்டத்துலயும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

பி.கு. 2: பூனைக்கு ட்ரைகேட் தடுப்பூசி போடாதவங்க முதல்ல போய் அதைப் போட்டுட்டு வாங்க. சளியே வராமத் தடுக்காது, ஆனா வந்தா லேசா வந்துட்டுப் போகும். ஊசி மேல அவ்வளவு ஆசைன்னா அந்த ஊசியைப் போடுங்கப்பா :-)